பருத்தியைப் பார்க்க இப்போது வர வேண்டாம்

மதிப்பும் பாசமும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். பசு நலம். கிணற்று மோட்டார் நலம். வாசல் கதவின் கீல் முன்பு போலவே கத்துகிறது. அதையும் நலம் என்றே எடுத்துக்கொள்ளவும். அங்கே நீயும், உன் மகளும், மாப்பிள்ளையும், மூத்தவனும், புதிதாக வந்திருக்கும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பருத்தியைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நேற்றுப் போனில், "ரெண்டு நாள் வந்து வயலைப் பார்த்துட்டுப் போறேன்டா" என்றாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், மூன்றாவது கேள்வியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இந்தப் பதினைந்து நாளாக "வயல் எப்படி இருக்கு?" என்று நீ கேட்டபோதெல்லாம் "பச்சையா இருக்குக்கா" என்று சொல்லிவந்தேன். அது பொய்யில்லை. புல் பச்சையாகத்தான் இருந்தது.

நீ ஏன் வரக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பிரசவம் பார்க்க இங்கிருந்து கிளம்பிய அன்றே உன் மகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "மாமா, மூத்தவன் பிறந்தப்ப அம்மா பதினோராம் நாள்தான் வந்தாங்க. பருத்தி நாலு இலை விட்டிருந்துச்சாம், நெருக்கத்தைக் கலைக்கணுமாம். இந்தத் தடவை மூணு மாசம் இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. பாதியில கிளம்பினா நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எதுக்கும் கூப்பிட மாட்டேன்" என்றாள். அழாமல், சாதாரணமாகச் சொன்னாள். அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உன்னை அங்கே இருக்கவைப்பது என் பொறுப்பு என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பிறகுதான் யோசித்தேன். பருத்தி நன்றாக இருந்தால் நீ ஆசைப்பட்டுப் பார்க்க வருவாய். கெட்டுப்போனால் சரிசெய்ய வருவாய். நீ வராமல் இருக்க வேண்டுமானால் இரண்டும் இல்லாத ஒரு நிலை ஏற்பட வேண்டும். அந்த நிலையை நான் ஏற்படுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

நீ போகும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாய். "நெருக்கமா முளைச்சு நிக்கும். நாலு இலை விட்டதும் கலைச்சு விடு. சாணுக்கு ஒண்ணு, நல்லதா பார்த்து நிறுத்து, மத்ததைப் பிடுங்கிப் போட்டுரு." நீ சொன்னபடி நாலு இலை விட்ட அன்றே, தொப்பி போட்டுக்கொண்டு வயலில் இறங்கினேன். ஒரு சாண் இடத்தில் ஆறு செடி நின்றன. ஆறும் நன்றாக இருந்தன. அக்கா, நான் முப்பத்துநான்கு வருஷம் அரசு அலுவலகத்துத் தபால் பிரிவில் இருந்தவன். யார் எந்த மனுவைக் கொண்டுவந்தாலும் வாங்கி, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, சிரித்த முகமாக அனுப்பிவைத்தவன். நிராகரித்தவர்கள் எல்லாரும் மாடியில் இருந்தார்கள். மாடிப்பக்கம் நான் போனதே இல்லை. அப்படிப்பட்டவனிடம் ஆறு பேரைக் காட்டி ஐந்து பேரை அனுப்பிவிடு என்றால் நான் என்ன செய்வேன்? சாயங்காலம்வரை குனிந்து நின்று ஒன்றரை வரிசை முடித்தேன். இன்னும் அறுபது வரிசை இருந்தது. முடித்ததிலும் பிடுங்கியதில் நாலைந்தை யாரும் பார்க்காதபோது திரும்ப நட்டுவிட்டேன்.

மறுநாள் நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் பட்டறையின் பின்பக்கம் அழைத்துப்போய், தார்ப்பாயை விலக்கி ஒரு யந்திரத்தைக் காட்டினார். பருத்தி கலைப்பதற்கென்றே அவர் கையால் செய்தது. முன்னால் ஓர் இரும்புச் சக்கரம், பின்னால் நாலு தகடு பொருத்திய வட்டு. சின்ன டிராக்டரில் கட்டி வரிசைமேல் இழுத்தால் சக்கரம் உருளும், வட்டு சுற்றும், ஒரு சாண் தூரத்துக்கு எல்லாச் செடியையும் சுரண்டித் தள்ளும், நாலு விரல் அகலத்துக்கு விட்டுவைக்கும், மறுபடி ஒரு சாண் சுரண்டும். "நல்ல செடி எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரியாது சார். அதுக்குக் கண்ணா இருக்கு?" என்றார். எனக்கு வேண்டியது அதுதான். ஒரே காலையில் வயல் முழுவதையும் ஓட்டி முடித்தார். நான் வரப்பில் முதுகைக் காட்டி நின்றேன்.

அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கொழுகொழுவென்று இருந்ததெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. சோப்ளாங்கியாக இருந்ததெல்லாம் நடுவில் நிமிர்ந்து நின்றது. அலுவலகத்தில்கூட இவ்வளவு பகிரங்கமாக நடந்து நான் பார்த்ததில்லை. மனசு கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு, கிடந்தவற்றில் நல்லவற்றைப் பொறுக்கி, காலியான இடங்களிலேயே திரும்ப நட ஆரம்பித்தேன். இரண்டு நாள் நட்டேன். பாதையோரம் இருந்த பன்னிரண்டு வரிசை முடிந்தது. இடுப்பு அதற்குமேல் சம்மதிக்கவில்லை. பிடுங்கி நட்டால் பருத்தி பிழைக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருக்கலாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் பிடுங்கியதைத் திரும்ப நடுகிற ஒருவனை நீ எப்படி முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியும் என்பதால் எழுதவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை பட்டறைக்காரர், தன் யந்திரம் என்ன வேலை செய்திருக்கிறது என்று பார்க்கப் பாதையோடு வந்திருக்கிறார். பாதையோரம் பன்னிரண்டு வரிசையும் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக நின்றன. மனுஷர் வெலவெலத்துப் போய்விட்டார். யந்திரம் சரியாகச் சுரண்டவில்லை, இந்த விஷயம் வெளியே தெரிந்தால் தன் பெயர் என்னாவது என்று பயந்து, தகடுகளைத் தீட்டி எடுத்துவந்து, என்னை எழுப்பிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், வயல் முழுவதையும் மறுபடி ஒருமுறை ஓட்டிவிட்டார். யந்திரம் இம்முறையும் அதே அளவில்தான் சுரண்டியது. தொடங்கிய இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. அதனால் முதல் தடவை அது விட்டுவைத்ததையெல்லாம் இரண்டாம் தடவை எடுத்துவிட்டது. உள்பக்க வரிசைகள் துடைத்த பலகை. பாதையோரத்தில் மட்டும் சிலது நின்றன. எவை என்று பார்த்தால், நான் திரும்ப நட்டவை. அவையும் உச்சி வெயிலுக்குள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன.

நான் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்த்தபோது அவர் வியர்வையைத் துடைத்தபடி, "இப்ப பாருங்க சார், சுத்தமா இருக்கு" என்றார். "ரொம்பச் சுத்தம்" என்றேன். நடந்ததைச் சொன்னதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மாவுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. உன் வயல் அது. அத்தான் போன பிறகு வேறு யாரையும் அதில் இறங்கவிடாமல் நீ தனியாகக் கட்டிக்காத்தது. அதை என்னை நம்பி விட்டுப்போனாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

ஆகவே, இந்த வயலில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை, சரிசெய்வதற்கும் ஒன்றும் இல்லை. மனசை விட்டுவிட்டு மூன்று மாதமும் மகளோடு இரு. அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதை. மூத்தவனுக்கு என் அன்பு. சின்னவள் நூறு வயது வாழட்டும். உன் மகளிடம், மாமா வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று மட்டும் சொல். எப்படி என்று சொல்ல வேண்டாம். உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். முழங்கால் வலியால் இப்போதைக்கு எழுத்தில் மட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா எங்க தொட்டியில இருந்த பூச்செடியெல்லாம் கலைச்சுட்டாங்க. தொட்டிக்கு ஒண்ணுதான் நிக்குது. அலமாரியில டம்ளரைக்கூட சாண் விட்டுச் சாண் வைக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா முப்பத்தெட்டு நாளா ஒரு தடவைகூடப் போறேன்னு என்கிட்ட வாயைத் திறக்கலை. உங்ககிட்ட போன்ல கெஞ்சினதை நேத்து நான் கேட்டுட்டேன். எனக்கு இது போதும் மாமா. நாளைக்கு எல்லாருமா அவர் வண்டியிலேயே அங்க வர்றோம். மிச்ச நாளை அங்க இருந்துக்கறேன். நீங்க எதுவும் எழுதிடாதீங்க, அம்மா பருத்தியைப் பார்த்து அசந்து போகட்டும்" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்யவும். அதில் ஒன்றை மறைத்தும் இருந்தேன். பட்டறைக்காரரும் நானும் அன்றைக்கே விதையை ஊறவைத்து, மறுநாள் வயல் முழுவதும் ஊன்றிவிட்டோம். முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. சொன்னால் ஓடிவந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. கடிதத்தைத் தபாலில் போடாமல் பாதை முனையில் நின்று உன் கையிலேயே கொடுக்கிறேன். வயல் பக்கம் திரும்புவதற்கு முன் படித்துவிடு. அதற்கு முன்னால் சின்னவளை என்னிடம் கொடுத்துவிடு. குழந்தை என் கையில் இருக்கும்போது நீ சத்தம் போட மாட்டாய். நாலு இலை விட இன்னும் பத்து நாள் இருக்கிறது. நீ கலைத்து முடிக்கும்வரை அவளை நான் கீழே இறக்கப்போவதில்லை.