பேருந்தில் மறக்கவேண்டிய பை

உண்மையைச் சொல்லிவிடுவது என்று கூலிங் முடிவெடுத்துவிட்டான். இன்றைக்கே. பல் துலக்கி முடித்த கையோடு.

துலக்கிக்கொண்டிருக்கும்வரை வாய் நிறையத் தைரியம் இருந்தது. கொப்பளித்துத் துப்பியபோது நுரையோடு அதுவும் ஓடிவிட்டது.

கூலிங் என்பது அவனுடைய பெயரல்ல. பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். பெயரில்தான் குளிர்ச்சி. ஆளுக்குச் சில மாதங்களாக வேர்வை அடங்கவில்லை. போன் அடித்தால் வேர்க்கும். அடிக்காவிட்டால் இன்னும் அதிகமாக வேர்க்கும். வாசல் மணி ஒலித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். வந்தது பால்காரர் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருப்பான். பால்காரருக்கும் ஏதாவது தரவேண்டியிருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

“என்னங்க, குளிச்சாச்சா?” அடுப்படியிலிருந்து மனைவி.

“ஆச்சு, ஆச்சு.”

“அப்புறம் ஏன் சட்டை நனைஞ்சிருக்கு?”

“சரியாத் துவட்டல.”

“சட்டையோடவா குளிச்சீங்க?”

கூலிங் வேறு சட்டை எடுக்கப் போனான். அன்றுதான் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். யாரோ ஒரு முதலாளியின் கடையில் யாரோ ஒருவருடைய பிரிட்ஜுக்கு முன்னால் குத்துக்காலிட்டே பாதி வயது போய்விட்டது. சொந்தமாக ஒரு கடை போடுவோம் என்று அவனும் மனைவியும் சீட்டுக் கட்டி, சினிமாவை விட்டு, புதுத்துணியை ஒத்திவைத்துச் சேர்த்த பணம். அது அவன் பேரில் வங்கியில் இருந்தது.

இருந்தது. இப்போது இல்லை.

ஆரம்பித்தது சின்னதாகத்தான். தெருமுனையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், கடிகார முள் மாதிரி ஒல்லியாக இருப்பதால் முள்ளுக்காரர், ரகசியமாகப் பந்தயப் பணமும் வாங்குவார். ஒரு டீக்காசு கட்டி, ஒரு மேட்சு பார்த்து, தோற்றால் சிரித்துவிட்டு வருவான் கூலிங். எந்த நாளில் அந்தச் சிரிப்பு நின்றது என்று அவனுக்கே தெரியாது. விட்டதைப் பிடிக்கக் கட்டினான். பிடிக்கப்போனதில் இன்னும் விட்டான். பெயரே சொல்ல வராத ஊர்களில், யாரென்றே தெரியாதவர்கள் ஓடும் ஓட்டத்துக்கெல்லாம் இவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் வங்கியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் நேற்று எடுத்துப் பச்சைச் சட்டை அணியின்மேல் கட்டிவிட்டான். அந்த அணி ஜெயித்து யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே ஜெயித்தால் பல மடங்கு. மேட்சு இன்றைக்கு, அட்வான்ஸ் கொடுக்கப்போகிற அதே நேரத்தில்.

ஆகவே ஒரு திட்டம் போட்டிருந்தான். நாளிதழை நோட்டு அளவுக்குக் கத்தரித்துக் கட்டுக்கட்டாக ஒரு பையில் அடுக்கியாயிற்று. பேருந்தில் அந்தப் பையை ‘மறந்துவிட்டு’ இறங்க வேண்டும். இறங்கியதும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம், பச்சைச் சட்டை ஜெயித்த பணம் கைக்கு வந்ததும், நல்ல மனிதர் ஒருவர் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்ல வேண்டும். அந்த நல்ல மனிதருக்கு மூக்குக்கண்ணாடி உண்டா இல்லையா என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். பச்சைச் சட்டை தோற்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்த யோசனை வந்தபோதெல்லாம் இன்னொரு கட்டு நாளிதழைக் கத்தரித்தான்.

சாப்பிட உட்கார்ந்தான். மனைவி ஒரு சிறிய கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்த டாக்டருக்கு என்று சொல்லிவிடுவாள்.

“ஏங்க, சூதாட்டம்கூட வியாதிதானாமே? டாக்டரம்மா சொன்னாங்க.”

கூலிங் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

“எ… எந்த டாக்டரம்மா?”

“மனசுக்குப் பாக்குறவங்க. விட்டதைப் பிடிக்கணும்னே திரும்பத் திரும்பக் கட்டுவாங்களாம். பொய் சொல்லுவாங்களாம். வீட்ல எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்களாம். தூக்கம் வராதாம். போனை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போவாங்களாம்.”

“பாத்ரூமுக்கு எல்லாருந்தான் போறாங்க!”

“நான் உங்களையா சொன்னேன்? எதுக்கு எரிஞ்சு விழுறீங்க?”

கூலிங் தண்ணீரைக் குடித்தான்.

“பாவம்ங்க அந்த வீட்டுப் பொம்பளைங்க,” என்றாள் அவள். “சரி, பணம் எடுத்துட்டீங்கல்ல?”

“பையில இருக்கு.”

“அப்போ கிளம்புங்க.”

பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பையைக் காலடியில் வைத்தான். மறப்பதற்குக் காலடியைவிடத் தோதான இடம் கிடையாது. அவன் நிமிர்வதற்குள் பை அவள் மடிக்குப் போய்விட்டது.

“நானே வச்சுக்கிறேன். நீங்க எதையாவது மறந்து தொலைப்பீங்க.”

“உனக்கு எதுக்கும்மா சிரமம்? கனம்!”

“ஆமா, நல்ல கனமாத்தான் இருக்கு. பணம் இவ்வளவு கனக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

“புது நோட்டு. புதுசு கனக்கத்தான் செய்யும்.”

“அப்படியா?” என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கைக்குழந்தையைக்கூட அவள் அப்படிப் பிடித்து அவன் பார்த்ததில்லை.

“கூட்டத்துல திருடனுங்க இருப்பானுங்க. எங்கிட்டக் குடு.”

“பக்கத்துலயே நீங்க இருக்கீங்க. எனக்கென்ன பயம்?”

அவனுக்குத்தான் பயம். முன்சீட்டில் ஒருவன் போனில் மேட்சு பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தான் கூலிங். பச்சைச் சட்டை தோற்றுக்கொண்டிருந்தது. பேருந்து குலுங்கியது. குலுங்கியது பேருந்தா தானா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பணம் போயிற்று. கடை போயிற்று. இதோ பக்கத்தில் உட்கார்ந்து பழைய நாளிதழைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறாளே, இவளும் போய்விடுவாள். குதித்துவிடலாமா என்று ஜன்னலைப் பார்த்தான். கம்பி போட்டிருந்தது.

இறங்கும்போது பையும் அவளோடு இறங்கியது.

கடை சின்னது. ஆனால் சரியான கடை. தெருவைப் பார்த்த ஷட்டர், கம்ப்ரஸர்களை வரிசையாக வைக்க ஒரு மேடை, கேஸ் நிரப்பும்போது காற்றோட்டத்துக்குப் பின்பக்கம் ஒரு கதவு. கனவில் வந்தபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் கூலிங்குக்கு அழுகை முட்டியது. பக்கத்துச் சலூனில் டிவி அலறிக்கொண்டிருந்தது. மேட்சு முடிகிறவரை இழுத்தடித்தால் போதும். ஒரு அதிசயம் நடந்துவிட்டால் பணம் பின்னால் வரும் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

“பிளக் பாயிண்ட் எத்தனை சார்?” என்றான், சாவியோடு காத்திருந்த கட்டிடக்காரரிடம்.

“தெரியுதே, எண்ணிக்கோங்க.”

எண்ணினான். மறுபடி எண்ணினான். ஷட்டரை இறக்கி ஏற்றினான். தரையில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான். சுவரைத் தட்டினான்.

“சுவரு உறுதிதானா சார்?”

“வேணும்னா தலையால முட்டிப் பாருங்க,” என்றார் கட்டிடக்காரர். பொறுமை தீர்ந்துபோன குரல்.

“அதுக்கு இன்னும் நேரம் இருக்கு சார்,” என்றாள் மனைவி.

கூலிங் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பையின் ஜிப்பில் கை வைத்தாள். ஜிப் நகர்ந்த சத்தம் அவன் முதுகெலும்பில் ஏறியது. இனி முடியாது.

“அதைத் திறக்காத! அதுல பணம் இல்ல! எல்லாம் போச்சு! எல்லாத்தையும் கட்டித் தொலைச்சிட்டேன்!”

கட்டிடக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சலூனில் பாதி முகம் சவரம் ஆன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“தெரியும். கத்தாதீங்க. சார் பயந்துடப் போறாரு,” என்றாள் அவள். “பேப்பரை வெட்டினீங்களே, கத்தரிக்கோலை எடுத்த இடத்துல வச்சீங்களா? சோப்பு டப்பாவுக்குள்ள கிடக்கு.”

நாளிதழ்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளை மேடைமேல் அடுக்கினாள். கட்டிடக்காரர் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு நோட்டின் மூலையிலும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.

கூலிங் தன் கட்டைவிரலைப் பார்த்தான். கம்ப்ரஸர் எண்ணெய் ரேகைக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் வராது. அவன் எண்ணிக் கொடுத்த நோட்டு எங்கே போனாலும் அவன் கையெழுத்தோடுதான் போகும்.

“இது… நான் முள்ளுக்காரர்கிட்டக் கட்டின பணம்!”

“நின்னுபோன சுவர்க்கடிகாரத்தைக் குடுக்கப் போனேன். மீதிச் சில்லறையா உங்க விரலு பதிஞ்ச நோட்டைக் குடுத்தாரு. டிராயரைத் திறந்தா எல்லாமே உங்க விரலு. ஏதுன்னு கேட்டேன், பந்தயப் பணம்னு உளறிட்டாரு. அவர் சம்சாரத்துக்கிட்டச் சொல்லிடுவேன்னேன். போலீஸுன்னு சொல்லியிருந்தாக்கூட அந்தாளு அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாரு. அன்னையிலேருந்து நீங்க கட்டுறதை எல்லாம் அப்படியே எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துடுவாரு.”

“அப்போ இத்தனை நாளா நான் தோத்தது…”

“எங்கிட்ட.”

“நடுவுல ஜெயிச்சேனே! காசு வந்துச்சே!”

“என் சம்பளத்துலேருந்து குடுத்தேன். மறுநாளே ஒரு பைசா குறையாமக் கொண்டுபோய்த் திருப்பிக் கட்டிட்டீங்க. உங்களை மாதிரி ஒரு நாணயஸ்தரை நான் பாத்ததே இல்ல.”

“முதல் நாளே எங்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா!”

“கேட்டா? இனிமே இல்லைன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, அடுத்த தெருவுல வேற ஆளைத் தேடியிருப்பீங்க. அங்க போன பணத்தை நான் எங்க போய்ப் பிடிக்கிறது?” சிரித்துக்கொண்டே பேசிவந்தவளின் குரல் கடைசி வார்த்தையில் கம்மியது. “ஒவ்வொரு தடவையும் முள்ளுக்காரர் வந்து நிக்கிறப்ப எனக்கு ஈரக்குலை நடுங்கும். இன்னைக்கு எவ்வளவோன்னு. விளையாட்டுக்கு ஆடுறவன் டீக்காசோட நிறுத்திக்குவான், தோத்தா சிரிப்பான். நீங்க ஜெயிச்ச அன்னைக்குக்கூட சிரிக்கலையேங்க. வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பாக்கப் போறோம். பேர் குடுத்துட்டேன். டோக்கனும் போட்டாச்சு.”

கூலிங் தலையை ஆட்டினான். கட்டிடக்காரர் சாவியை நீட்டினார். அவனிடமல்ல, அவளிடம்.

வெளியே வந்தார்கள். பயம் இறங்கிய உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. இனி ஜென்மத்துக்கும் பந்தயம் கிடையாது. இந்தத் தடவை உண்மையாகவே முடிவெடுத்துவிட்டான்.

அப்போது சலூனே இடிந்து விழுவதுபோல ஒரு கூச்சல். நாற்காலி விழுந்தது. சீப்பு பறந்தது. பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் தெருவுக்கு ஓடிவந்து குதித்தார்.

“பச்சைச் சட்டை! பச்சைச் சட்டை ஜெயிச்சிருச்சு!”

கூலிங் நின்ற இடத்தில் நின்றான். உள்ளங்கை ஈரமானது. நேற்றுக் கட்டியது இத்தனை, மடங்கு இத்தனை, பெருக்கினால் இத்தனை. கடையென்ன, கட்டிடத்தையே வாங்கிவிடலாம். போனை எடுக்கக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தன் கை தன்னைக் கேட்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமேயில்லை. இதுதான் பயம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா… நேத்து நான் கட்டினதும் உங்கிட்டத்தான் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்போ ஜெயிச்ச பணத்தை நீதான தரணும்?”

“தர முடியாது.”

“அதெப்படி? பந்தயம்னா பந்தயம்! ஒரு நியாயம் வேண்டாமா?”

“காசை வாங்கிக்கிட்டுக் கம்பி நீட்டுற ஆளுங்களை நீங்க கேள்விப்பட்டதே இல்லையா?” என்றாள் அவள், அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டே. “போய் போலீஸ்ல சொல்லுங்க. எந்தப் பணம்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க.”