திவாலாகக்கூடத் தகுதியில்லாதவன் அத்தானுக்கு எழுதியது

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

சலவைக்கடை மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் மனசளவிலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல்லுங்கள்.

அத்தான், நான் திவாலாகப் போனேன். ஆகக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

இரண்டு வருஷத்துக்கு முன் நான் வங்கிக் கடனில் பெரிய சலவை இயந்திரம் வாங்கியபோது, "அகலக்கால் வைக்காதேடா" என்று நீங்கள் ஒரு மணி நேரம் புத்தி சொன்னீர்கள். கேட்டேனா? இப்போது எதிர்ச் சாரியிலேயே காசு போட்டால் அவரவரே துவைத்துக்கொள்ளும் கடை வந்துவிட்டது. மூன்று தவணை தவறிப்போயிற்று. போன வாரம் வங்கியிலிருந்து ஒருவர் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், நாடாவை எடுத்து இயந்திரத்தை அளந்தார். பிறகு வாசலை அளந்தார். "என்ன சார் பண்றீங்க?" என்றேன். "வெளியே போகுமான்னு பாக்குறேன். மாசக் கடைசிக்குள்ள பாக்கி வரலேன்னா தூக்கிடுவோம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது போனால் கடை போச்சு, கடை போனால் நான் யார் அத்தான்?

திவால் வழக்குப் பார்க்கிற வக்கீல் யார் என்று வாய்விட்டு விசாரிக்க முடியுமா? விசாரித்த மறுநிமிஷமே தெரு முழுக்கத் துக்கம் கேட்க வந்துவிடும். ஆனால் என் கடைக்கு வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் வருமல்லவா, கோட்டைப் பார்த்தே ஆளை எடைபோடலாம் என்று துணிந்தேன். கழுத்துப்பட்டை துளியும் தேயாத கோட்டு ஒன்று. சரி, நாலைந்து கோட்டு மாற்றிப் போடுகிற பெரிய கை என்று கணக்குப் போட்டு அங்கே போனேன். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் விபத்துக் கேஸ் மட்டும்தான் பாக்குறது. சமீபத்துல ஏதாவது வண்டி உங்களை இடிச்சுதா?" என்றார். கோட்டு தேயாத ரகசியம் அப்புறம்தான் தெரிந்தது. அவர் கோர்ட்டுப் படியே மிதிப்பதில்லையாம், எல்லாவற்றையும் வெளியிலேயே பேசி முடித்துவிடுவாராம். முன்பணம் போனது போனதுதான்.

அடுத்ததாக, முழங்கையில் இரண்டு ஒட்டுப் போட்ட கோட்டைத் தேடிப்போனேன். அது ஒரு வக்கீலம்மாவுடையது. இந்த முறை என்னைத் தனியே விடமாட்டேன் என்று என் மனைவியும் கூட வந்தாள். அறையில் எங்கு பார்த்தாலும் கட்டுக்கட்டாக ஃபைல். நாற்காலியில் இருந்ததை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. "அம்மா, என்னை எப்படியாவது திவாலாக்கிடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அது கடைசிக் கதவுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு கதவு இருக்கு. பேங்க்ல பேசி தவணையை நீட்டலாம், மாசாமாசம் கொஞ்சமா கட்டுவீங்க, ஆனா வட்டியும் கூடவே நீளும். இல்லே, கையில மொத்தமா ஒரு தொகை இருந்தா அதைக் கட்டி மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ரெண்டுக்கும் வழியில்லேன்னாத்தான் திவால் மனு. அதுல ஒண்ணையும் மறைக்கக் கூடாது. சரி, உங்களுக்கு யாராவது பணம் தரணுமா?" என்றார்.

"யாரும் இல்லேம்மா" என்றேன். என் மனைவி பையிலிருந்து பாக்கி நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முடிதிருத்தகத்தின் துண்டுகள், விடுதியின் படுக்கை விரிப்புகள் என்று வக்கீலம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவருடைய கோட்டே பதினோரு மாதமாகப் பாக்கி நின்றது. அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஃபீஸில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இது யாரு, வெறும் 'அத்தான்'னு போட்டு நாலு லட்சம்?"

இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம், உங்கள் வீட்டு மாடி பாதியில் நின்றதால் மூன்றே மாதத்தில் தருவதாக நீங்கள் வாங்கிப் போனது என்ற விவரத்தைச் சொன்னேன். "பேங்க் பாக்கி எவ்வளவு?" என்றார். மூன்றரை என்றேன். நோட்டை மூடிவிட்டு, "நீங்க திவாலாக முடியாதுங்க. உங்க பணம் அத்தான் வீட்டு மாடியில குடியிருக்கு. ஒரு நோட்டீஸ் விட்டா இறங்கி வந்துடும்" என்றாரே பார்க்கலாம்! நான் பதறி எழுந்ததில் மடியிலிருந்த ஃபைல்கள் அத்தனையும் தரையில். என் அத்தானுக்கு நோட்டீஸா? அக்காள் முகத்தில் எப்படி முழிப்பேன்? முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இயந்திரம் போனால் போகட்டும், இரண்டு கை இருக்கிறது, துவைத்துப் பிழைத்துக்கொள்வேன். வரும் வழியெல்லாம் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வங்கியைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நடந்ததைத் தெரிவித்தேன், அவ்வளவுதான். மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று அக்கா சொன்னாள், சந்தோஷம். இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுவது. சாதாரணத் தபாலில் போடச் சொல்லி இவர் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். நேரே வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். "தொகை இருக்கு, காரணம் இருக்கு, சொன்ன கெடு இருக்கு. நானே நோட்டீஸ் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவா வந்திருக்காது" என்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். தபால்காரர் நீட்டிய ஒப்புகைச் சீட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து இந்நேரம் எங்களுக்குக் கிளம்பியிருக்கும். மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இவர் உங்களிடம் கேட்கமாட்டார், அண்ணா. நான் கேட்கிறேன்.