கறுத்துப்போன மானிட்டரும் என் தலை தீபாவளியும்

மனைவியை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் கணவன் எவனையும் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதுவும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன்.

எங்களுக்கு வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். காட்டுப்பாக்கத்திலிருந்து மாமனார் வருவதற்குள், சுதாவுக்கு வேலை கொடுத்த வங்கி அவளைக் குவாஹாத்திக்கு அழைத்துக்கொண்டது. (ஆடி முடிந்தும் திருப்பி அனுப்பவில்லை, அதுதான் கொடுமை.) ரயிலடியில், "இதெல்லாம் ஒரு பிரிவா? சிரிச்சிக்கிட்டே போய்ட்டு வா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குத் திரும்பி, கொடியில் தொங்கிய அவளுடைய துப்பட்டாவைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் எங்களுக்குப் பேசும் நேரம். என் போன் கேமரா கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து எல்லோரையும் பனிமூட்டத்தில்தான் காட்டியது. ஆகவே மாமனார் சீராகக் கொடுத்த டெஸ்க்டாப்பே கதி. பெரிய மானிட்டர், அதற்குள்ளேயே ஸ்பீக்கர். உச்சியில் தனியாக ஒரு கேமரா, மைக் அதில் இருந்தது. கட்டில் பீரோவோடு கம்ப்யூட்டரும் வாங்கிய மாப்பிள்ளை நான்தான் என்று பாடியில் நான் வேலை பார்த்த கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அம்மா ஸ்கூட்டர், மிக்சி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மானிட்டரின் கீழ் விளிம்பில் எரிந்த சின்ன விளக்கின் மேல் சந்தனத்தை அப்பினாள்.

"அங்க எதுக்கும்மா?"

"அங்கதான்டா வெளக்கு எரியுது. அதான் அதோட நெத்தி. மருமவ மொகத்த காட்ற பொட்டிடா இது."

அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்ததும் அதற்குப் புதுச் சந்தனம், குங்குமம். அன்றிலிருந்தே மானிட்டர் திடீர் திடீரென்று கறுக்கத் தொடங்கியது. காலையில் கறுக்கும், மத்தியானத்துக்கு மேல் ஒழுங்காக எரியும்.

இதற்கு நடுவில்தான் தீபாவளி பிரச்சினை. எங்களுக்குத் தலை தீபாவளி. பெண் இல்லாமல் மாப்பிள்ளை மட்டும் போய் மாமியார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியுமா? ஆனால் சுதாவின் கிளையில் ஒருவருக்குத்தான் லீவு கிடைக்கும். அறைத்தோழி மாலதியும் கேட்கிறாள், ஒடிசாக்காரி. "என்னங்க செய்யட்டும்?" என்று சுதா கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"பாவம், அவளுக்கு விட்டுக்குடு. நான் சமாளிச்சுப்பேன்" என்றேன். (பெருந்தன்மையாம், பெருந்தன்மை. செருப்பால் அடிக்க வேண்டும்.)

"சரி, ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன்" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. அந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். ஞாயிறன்று வெட்கத்தை விட்டு, அவள் முகத்தைப் பார்த்தே வா என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். அதற்கு மானிட்டர் எரிய வேண்டுமே!

சனிக்கிழமை காலை பூந்தமல்லியிலிருந்து நண்பன் ரஃபீக்கை வரவழைத்தேன். கறுத்திருந்த திரையைப் பார்த்தான், கீழே பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"மச்சான், ஃபேன் சுத்திகினு கீது. உள்ள உசுரு கீது, மொகந்தான் தெர்ல. ரேமை கயட்டி ரப்பர் போட்டு தேச்சா சரியாப்பூடும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம். வயர்களைப் பிடுங்கி ஊதி மாட்டினோம். மானிட்டரின் முதுகில் தட்டிக் கொடுத்தோம். மத்தியானம் அது பளிச்சென்று எரிந்தது. "இன்னா நெனச்சே உன் நண்பன?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அம்மா வைத்த மீன் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்தேன். அழைப்பு போனது. சுதா எடுத்தாள், முகம் வந்தது. "சாப்ட்டீங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் திரை கறுத்தது. சத்தமும் போனது. தட்டினேன், குலுக்கினேன், முருகனைக் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. லைன் அறுந்தது, லீவும் மாலதிக்குப் போனது என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உங்கப்பன் குடுத்த டப்பா! டேய், இத்தப் போயி சீர்னு குட்தியே, உனக்கு மனசாட்சி கீதா?" என்று முதலில் மாமனாருக்கு அர்ச்சனை செய்தேன். பிறகு கறுப்புத் திரையைப் பார்த்தே பேச ஆரம்பித்தேன்.

"வந்துடுடி. சமாளிச்சுப்பேன்னு சொன்னதெல்லாம் பொய்டி. உன் துப்பட்டாவத்தான் தலகாணிக்கு சுத்திகினு தூங்கறேன். தலைவலின்னு அம்மாகிட்ட சொல்லி உன் தைலத்த தேச்சுக்கறேன், அந்த வாசனைக்காக. உன்ன பாக்காம முடியலடி சுதா." மேசையில் தலையைக் கவிழ்த்துக் கேவினேன்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். "இன்னாடா ஆச்சு? ஐயோ, சந்தனம் வேற ஒழுவுது பாரு" என்று முந்தானையால் மானிட்டரின் விளிம்பைத் துடைத்தாள். திரை பளிச்சென்று எரிந்தது.

திரையில் ஒரு கட்டத்துக்குள் சுதா, வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி. பக்கத்தில் மாலதி, அவளும் கண்ணைத் துடைத்தபடி. இன்னொரு கட்டத்தில் மாமனாரும் மாமியாரும். லீவு முடிவைக் கேட்க அவர்களையும் சுதா அழைப்பில் சேர்த்திருக்கிறாள். லைன் அறுபடவே இல்லை. அணைந்தது மானிட்டரும் அதற்குள்ளிருந்த ஸ்பீக்கரும் மட்டும். அந்த விளக்குதான் மானிட்டரின் சுவிட்ச், தொட்டால் அணைந்து, மறுபடி தொட்டால் எரிகிற வகை. ஈரச் சந்தனம் அதைக் காலை வேளைகளில் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கேமராவும் மைக்கும் என்னை ஒரு சொட்டு விடாமல் நான்கு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

மாமனார் தொண்டையைச் செருமினார். "டப்பாவ மாத்திக் குட்துடலாம் மாப்ளே. நீங்க அழாதீங்க."

"தைலம் வேணும்னா நா குட்தனுப்பறேன்" என்றார் மாமியார்.

சுதாதான் கடைசியில் பேசினாள். "மாலதிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாதுங்க. ஆனா நீங்க அழுததப் பாத்துட்டு, லீவை நீயே எடுத்துக்கோன்னுட்டா."

வந்தாள். காட்டுப்பாக்கத்தில் தலை தீபாவளி நடந்தது. மாமியார் என் உச்சந்தலையில் எண்ணெய் வைக்க, மாமனார் எல்லோர் முன்னாலும், "மாப்ளே, மானிட்டர் இப்ப ஆன்ல கீதா, ஆஃப்ல கீதா?" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. குழந்தைகளுக்கும் அது மனப்பாடம்.

நடுவில் சில வருடங்கள் சுதா அம்பத்தூர் கிளையில் இருந்தாள். இப்போது பதவி உயர்வில் நாக்பூர். நான் வழக்கம்போல் ரயிலடியில் மீசையைத் தடவினேன். இப்போதெல்லாம் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். எப்படி இருக்கிறீர்கள் என்பாள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பேன்.

"ஸ்க்ரீனைக் கையால மூடிக்குங்க" என்பாள். "மூடிட்டீங்களா? இப்பச் சொல்லுங்க."

"நல்லால்லடி" என்பேன். "எப்ப வர?"