லைன் பாயின் வியாழக்கிழமைகள்

தாம்பரத்தில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் தேடினாலும், வரிசை என்ற ஒன்றுக்காகவே பிறந்து வந்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் லைன் பாய்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விட்டு வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொள்வார். அன்றுதான், அவ்லியா என்று எல்லோரும் அழைக்கும் மகான் அடங்கிய எங்கள் பக்கத்துத் தர்காவில் கூட்டம் நெரியும். அவரை யாரும் நியமிக்கவில்லை. கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அவருக்குத் தெரிந்த மதங்கள் இரண்டே இரண்டு: லைனில் நிற்பவர்கள், நிற்காதவர்கள்.

ஒருமுறை வெள்ளைக் காரில் வந்த கட்சிக்காரர் ஒருவர் நேராக உள்ளே நடந்தார். விசில் அலறியது.

"இன்னா சார், அவ்லியாவாண்ட அப்பாயின்ட்மென்ட் கீதா? இல்லல்ல? அந்தப் பூக்காரம்மா பின்னாடி போய் நில்லு."

லைன் பாயின் மனைவியே ஒரு வியாழக்கிழமை வரிசையின் நடுவில் நின்ற தங்கையோடு போய் ஒட்டிக்கொண்டாள். "வூட்லதான் நீ பொண்டாட்டி. இங்க நீ கடைசி ஆளு, போ" என்று விரட்டிவிட்டார். அடுத்த ஒரு வாரம் டீக்கடை பன்னில்தான் உயிர் வாழ்ந்தார். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எங்களுக்கு அவர் பழக்கமானது ஓர் ஆட்டினால். நேர்ச்சைக்கு ஆடு கொண்டுவந்தவரிடம், "ஆட்டுக்கும் அதே லைன்தான்" என்று சொல்லி எங்களுக்குப் பின்னால் நிறுத்தினார். அந்த ஆடு பொறுமையாக நின்று, சமாதிக்குப் போர்த்த அம்மா கொண்டுவந்த பூப்போர்வையில் பாதியைத் தின்றுவிட்டது. அம்மா அழாத குறை. லைன் பாய் மீதியைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதி கீதுல்ல? இத்த குடும்மா. அவ்லியா டேப் வெச்சா அளக்கப் போறாரு?"

நாங்கள் அங்கே போனது வசந்தி அக்காவுக்காக. தையல் டீச்சராக இருந்தவள், இரண்டு வருடமாகத் தூக்கமில்லாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். கோயில், சர்ச், மந்திரவாதி எல்லாம் பார்த்தாயிற்று. யார் எந்த ஊரைச் சொன்னாலும் அந்தப் பஸ்ஸில் ஏறிவிடுவோம். வீட்டில் எங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். நானும் அம்மாவும் அவ்வளவு களைத்துப்போயிருந்தோம்.

தர்கா சுவருக்கு வெளியே, சொந்த இடத்தில், பச்சைச் சால்வை போட்ட ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை வைத்திருந்தார். தர்காவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வருகிற கூட்டத்துக்கு அது தெரியாது.

"பொண்ண நாப்பது நாள் இங்க விட்டுட்டுப் போங்க. கால்ல ஒரு சங்கிலி, அவ்ளோதான். புடிச்சது தானா ஓடிடும்" என்றார்.

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அப்பாடா, நாற்பது நாள் தூங்கலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

அப்போது லைன் பாய் தன் வரிசையை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கூட்டம் தாறுமாறாக முட்டியது. திரும்பிப் பார்க்கவில்லை. எங்களிடமும் பேசவில்லை. அக்காவிடம் குனிந்து கேட்டார்.

"இன்னாம்மா, தூக்கம் வர்தா?"

"வரலைங்க. தலைக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க" என்றாள் அக்கா.

இரண்டு வருடத்தில் அவளிடமே அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

என்னைத் தனியே இழுத்துப் போனார். "என் தம்பிய இந்தக் கொட்டாயிலதான் கட்டினேன் சார். தரையில கீற வளையத்த வெல்டிங் வெச்சதே நான்தான். நம்ம கை வேலையாச்சே, ஸ்ட்ராங்கா இருக்கணும்னு ரெண்டு தபா ஓட்டினேன். ஒரு வருசம் கெடந்தான். காலு புண்ணாயி சீழ் வெச்ச பெறகுதான் டாக்டராண்ட இட்டுகினு போனேன். இப்ப மாத்திரை துன்னுகினு மளிகைக் கடையில நிக்கிறான். நொண்டிகினு." விசிலைத் துடைத்தார். "அவ்லியாவாண்ட துவா கேளு, வாணாங்கல. மாத்திரைய டாக்டராண்டதான் கேக்கணும்."

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவரே எங்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் வெளிநோயாளிகள் வரிசை கோணலாக இருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் சுவரோரம் நிறுத்திவிட்டார்.

"யோவ், நீ யாரு? பேஷன்டா, கூட வந்தவனா?" என்று நர்ஸ் கத்தினார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். பிறகு மிகுந்த பரிவோடு லைன் பாயைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இவருக்கு எத்தனை நாளா இப்படி?"

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

மாத்திரையால் ஒரே வாரத்தில் அற்புதம் நடக்கவில்லை. மாதங்கள் ஆயின. அவள் தூங்கினாள், நாங்களும் தூங்கினோம். ஆனால் லைன் பாய்க்குத் தூக்கம் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு வியாழக்கிழமை பட்டப்பகலில், ஷேர் ஆட்டோவிலிருந்து இரும்பறுக்கும் ஆக்சா பிளேடோடு இறங்கினார். நேராகக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, தானே ஒட்டிய வளையத்தை அறுக்க ஆரம்பித்தார். உள்ளே நான்கு பேர் கட்டப்பட்டிருந்தார்கள். கை பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்க, வாய் சும்மா இருக்கவில்லை: "யாரும் அவசரப்படாதீங்க. லைனா வருவேன்."

கதை அதோடு சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இரண்டு பேரை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ஒருவரை வேறு ஊரில் கட்டிவிட்டதாகக் கேள்வி. நான்காவது ஆளின் அண்ணன் லைன் பாயைச் சட்டையைப் பிடித்து அறைந்தான். "நீயா பாத்துக்கப் போற?" என்று கத்தினான். எத்தனை நாள் தூங்காதவனோ அவனும்.

தர்காப் பெரியவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள்: "நீங்க செஞ்சது தப்பில்ல பாய். ஆனா தெனம் தகராறு வருது. கொஞ்ச நாள் வராதீங்க." அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கொட்டகை மூடியது, பிறகு இரண்டு தெரு தள்ளித் திறந்தது.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். முட்டிவலி, பஸ் கூட்டம், முதலாளி என்று அரை மணி நேரம் எல்லாவற்றையும் திட்டுவார். கடைசியில் அக்காவிடம், "மாத்திரை போட்டுகினியாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவார்.

சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும்தான்.