ஒரு கால் மட்டும் நீலம்

பேண்ட் வாங்கப் போகிறவன் கடைக் கண்ணாடியை நம்பக் கூடாது. கண்ணாடிக்கு நிற்கிற மனிதனை மட்டும்தான் தெரியும். நாம் நிற்பது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் குந்துகிறோம், எழுகிறோம், பஸ் பிடிக்க ஓடுகிறோம், சாவு வீட்டில் விழுந்து கும்பிடுகிறோம். இத்தனைக்கும் எந்தப் பேண்ட் ஒத்துழைக்கிறதோ அதுதான் நம்முடைய பேண்ட். ஊரில் எல்லோரும் என்ன போடுகிறார்கள் என்பது ஊரின் கவலை.

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (படித்ததே ஐந்தாவது வரைதான். அதிலும் கணக்கு வாத்தியார் லீவு போட்ட நாட்களில்தான் ஒழுங்காகப் போனேன்.) இதைத் தெரிந்துகொள்வதற்கு என் அப்பா சாக வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கிளியனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பி, திண்டிவனத்தில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்து, கூட்டேரிப்பட்டில் ஒரு லாரியில் கிளீனராக ஏறி, பாண்டிச்சேரியில் இறங்கி, எங்கேயும் கால் தரிக்காமல் கடைசியில் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படுக்கை அங்கேயே, சாக்கின் மேல். ஒரு வேளை சோறு, இன்னொரு வேளை டீ. இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். மூட்டை தூக்கித் தூக்கி என் தொடை இரண்டும் ஆட்டுக்கல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. அதுதான் முக்கியம்.

அந்த நீலப் பேண்டைப் பாண்டிச்சேரியில் வாங்கினேன். கப்பல்காரர்கள் போட்டுக் கழித்த துணிகளை அங்கே பிளாட்பாரத்தில் குவித்து விற்பார்கள். கோணி மாதிரி முரட்டுத் துணி, பையின் மூலையில் செம்பு ஆணி. இன்று என் பேரப்பிள்ளைகள் ஜீன்ஸ் என்று சொல்கிறார்களே, அதேதான். அப்போது எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. நீலக் கித்தான் என்போம். தொடையில் தாராளம், இடுப்பில் தாராளம். யாரோ ஒரு வெள்ளைக்காரன் எனக்காகவே போட்டுப் பழக்கி அனுப்பியது போல இருந்தது. அதோடு விட்டிருந்தால் இப்போது எழுத ஒன்றும் இருந்திருக்காது.

விழுப்புரத்தில் அப்போது குழாய்ப் பேண்ட் காலம். இளவட்டங்கள் எல்லோரும் காலில் பாம்புச் சட்டை போல ஒட்டிய பேண்டில் திரிந்தார்கள். அவர்கள் நடுவே நான் தாராளமாக நடந்தால், என்னோடு மூட்டை தூக்கிய காதர், "இன்னாடா ஏழுமல, உள்ள இன்னொருத்தனுக்கும் எடம் வுட்டுக்கினு வந்தியா?" என்பான். ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த தையல்காரரிடம் கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்தார். நான் இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம்ணா."

"இதுக்கு மேல புடிக்கணும்னா தோல்லதாம்பா தைக்கணும்" என்றார்.

அதைப் போடுவது ஒருவனால் ஆகிற காரியம் இல்லை. பாதத்தைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே நுழைக்க வேண்டும். காதர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் குலுக்குவான், நான் மூட்டை இறங்குவது போல உள்ளே இறங்குவேன். கழற்றும்போது நான் ஷெட் தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவன் என் காலைப் பிடித்து இழுப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவேன். உட்கார முடியாது. ஆனால் நின்றால் அழகாக இருந்தேன். (அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.) பொங்கலுக்கு ஊருக்குப் போய் அப்பா எதிரில் இதில் நிற்க வேண்டும் என்று ஆசை. அப்பா ஒரு வேட்டிக்கு மேல் வைத்துக்கொண்டவர் இல்லை. அதிகம் பேசவும் மாட்டார். இதைப் பார்த்து ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்?

பொங்கலுக்கு வெகுநாள் முன்பே, ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. காதர் என்னைப் பேண்டுக்குள் இறக்கிவிட்டு, கோலியனூரில் இருந்த அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். நின்றுகொண்டே பார்க்கலாம் என்று நான் சினிமாவுக்குக் கிளம்பி ரோட்டுக்கு வந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு வண்டியை என் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏழுமல, உங்கப்பா தவறிட்டாருப்பா. விடியக்காலைல. லாரிக்காரங்க எல்லார்கிட்டயும் உன்னத் தேடி இட்டாரச் சொன்னாங்க. ஜல்தியா ஏறு."

ஏறினேன். முன்னால் இடம் இல்லை, மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளின் மேல் ஏறினேன். கால் மடங்காததால் உட்காரவில்லை, மல்லாந்து படுத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மல்லாட்டைக்குத் தார்ப்பாய் இருந்தது, எனக்கு இல்லை. முகத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்ததால் அழுதேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. திண்டிவனத்தில் இறங்கும்போது நீலக் கித்தான் தண்ணீரை நன்றாகக் குடித்து என் காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

கிளியனூர் பஸ்ஸில் கூட்டமே இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சீட்டு காலியா கெடக்குதே, குந்துப்பா" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்க."

"இன்னா, வேண்டுதலா?"

அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மரியாதையாக ஒதுங்கிப் போனார்.

வீட்டு வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. காலில் விழப் போனேன். முட்டி மடங்கவில்லை. வெட்டிய பனைமரம் மாதிரி அப்படியே நெடுக விழுந்தேன். பெண்களின் ஒப்பாரி ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

சித்தப்பா என்னைத் தூக்கி நிறுத்தினார். அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா இது? சரி, அந்தக் கருமத்தக் கழட்டிட்டு வேட்டியக் கட்டிக்கினு வா. மானம் கருக்குது. மழ வந்துச்சுன்னா வெறகு எரியாது."

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். முயன்றேன். இடுப்பில் இருந்து ஒரு விரற்கடை இறங்கியது, பிறகு இறங்கவில்லை. காதர் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது, காதர் கோலியனூரில் இருந்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு அக்கா புருஷனைக் கூப்பிட்டேன். மாமா ஒரு காலைப் பிடித்தார், பங்காளி ஒருவன் இன்னொரு காலைப் பிடித்தான், நான் கொட்டகைக் கம்பைப் பிடித்தேன். இழுத்தார்கள். பேண்டோடு நானும் போனேன், என்னோடு கம்பும் போகப் பார்த்தது.

"தண்ணி ஊத்துனா வழுக்கிக்கினு வரும்டா" என்றார் சித்தப்பா. ஊற்றினார்கள். இன்னும் இறுகியது. விளக்கெண்ணெய் தடவினார்கள். மாமாவின் கைதான் வழுக்கியது. கொட்டகையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்பக்கம் அப்பாவுக்கு அழுதவர்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தூரத்தில் இடி இடித்தது. சித்தப்பா வானத்தைப் பார்த்தார்.

"இது ஆவறதில்ல. நம்ம முருகன் கொள்ளி வைக்கட்டும். அவனும் புள்ள மாதிரிதான்."

முருகன் அவருடைய மகன். நல்ல பையன். வேட்டி கட்டித் தயாராகவே நின்றான். ஊரை விட்டுப் போன பிறகு அப்பாவுக்கு நான் எதுவும் செய்ததில்லை. ஒரு கஞ்சி ஊற்றியதில்லை, ஒரு நாள் கால் பிடித்துவிட்டதில்லை. செய்ய மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

"நான்தான் வெப்பேன் சித்தப்பா" என்றேன். விளக்கெண்ணெயில் ஊறிப் படுத்திருந்த நிலையில் சொன்னதால் அதில் கம்பீரம் குறைவாக இருந்திருக்கலாம்.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். அம்மாவின் கையில் கதிர் அறுக்கும் அரிவாள் இருந்தது.

"எம்புள்ள இருக்கச்சொல்ல எதுக்கு இன்னொருத்தன்? தள்ளுங்க."

என் பக்கத்தில் குந்திக்கொண்டு, கணுக்காலில் இருந்து மேல்நோக்கி வலது காலை அறுக்க ஆரம்பித்தாள். முரட்டுத் துணி, கதிர் போல லேசில் அறுபடவில்லை.

"அசையாத. ரெண்டு நாளா கேட்டுக்கினே இருந்தாரு" என்றாள். துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "பஸ்ஸு சத்தம் கேக்கறப்பல்லாம், வந்துட்டானா வந்துட்டானான்னு. அடுத்த பஸ்ஸுல வருவான்னு சொல்லி சொல்லி வெச்சேன்."

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல்கூட எனக்கு வந்திருக்கவில்லை. எந்த ஊரில் இருக்கிறேன் என்று யாருக்காவது தெரிந்திருந்தால்தானே வரும்?

வலது கால் முழுசாக வெளியே வந்தபோது முதல் தூறல் விழுந்தது. "அண்ணி, ஒரு காலு போதும். மீதிய வந்து பாத்துக்கலாம்" என்று சித்தப்பா கத்தினார். ஒரு கால் நீலமும் ஒரு கால் வெறுமையுமாக என்னை நிறுத்தி, மேலே வேட்டியைச் சுற்றிக் கட்டி, கையில் கொள்ளிச் சட்டியைக் கொடுத்தார்கள். முருகன் எனக்குத் துணையாகக் கூடவே நடந்தான்.

சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். முதல் ஓட்டையிலேயே தண்ணீர் முதுகில் வழிந்து வேட்டி முழுக்க நனைந்து கண்ணாடியாகிவிட்டது. உள்ளே என் இடது கால் மட்டும் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. மேளம் ஒரு தாளம் தப்பியது. இரண்டாவது சுற்றில் அந்த மடங்காத கால் வேட்டியில் சிக்கியது. விழுந்தேன். குடம் எனக்கு முன்னால் போய் உடைந்தது.

மூன்றாவது சுற்று இல்லாமல் ஆகுமா, ஆகாதா? பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பாதான் என்னை எழுப்பிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"போதும் வுடு. எங்கண்ணன் எதத்தான் முழுசாக் கண்டாரு. கொள்ளிய வையிடா."

கட்டைக்கு முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது முறை. நடந்தேன். ஒரு கால் நடந்தது, இன்னொரு கால் வேலிப் படல் திறப்பது போல வட்டம் போட்டு வந்தது. பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால், யார் சிரித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். முருகன் சொன்னான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னான். நல்ல பையன் என்றேனே. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தோம். சிரிக்கத்தான் செய்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அரிவாளை எடுத்துவந்து இடது காலையும் அறுத்தாள்.

மாமா அந்தக் கால்களை வீணாக்கவில்லை. அறுத்த இடத்தைத் தைத்து, அடியைக் கட்டி, மல்லாட்டை விதை போட்டு வைக்கும் பையாக்கினார். பல வருஷம் எலி கடிக்காத பை என்று பெயர் வாங்கின.

அதற்குப் பிறகும் நான் பல ஊர் சுற்றினேன், பல விதப் பேண்டுகள் வந்து போயின. கீழே ரோடு கூட்டுகிற மாதிரி அகலமானவை வந்தபோதும், மறுபடி குழாய் வந்தபோதும், நான் ஒரே மாதிரிதான் தைத்துக்கொண்டேன். தொடையில் தாராளம், முட்டியில் தாராளம். கடையில் துணி மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்து, தரையில் குந்தி, சம்மணம் போட்டு, விழுந்து கும்பிட்டு எழுந்து பார்ப்பேன். "தாத்தா, இப்ப இது ஸ்டைல் இல்ல" என்பார்கள் கடைப் பிள்ளைகள். இருக்கட்டும் என்பேன்.

எங்கள் வீட்டில் யார் ஜீன்ஸ் வாங்கி வந்தாலும் இந்தக் கதை வெளியே வந்துவிடும். "அரிவாள் ரெடியா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் விழுந்ததை என் பேத்தி நடித்தே காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். என் அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. அவர் பேச்சு, நடை, கோபம் எதுவும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இந்த ஒரு கதைதான். இதில் அவருக்கு வேலையும் ஒன்றே ஒன்றுதான்: வாசலில் நாற்காலியில் சாய்ந்தபடி, நான் வரும்வரை காத்திருப்பது.

அதனால் யாரையும் நான் தடுப்பதில்லை. சொல்லுங்கள் என்கிறேன்.