நட்சத்திர டயர்

உயிர் இருக்கும்வரை கார் சாவியை விடுவதில்லை என்று ஜனவரி மாதம் ஒரு தீர்மானம் எடுத்தேன். இப்போது ஜூன். உயிர் இருக்கிறது. சாவி இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். வீட்டில் சொல்ல முடியாது. நடத்தியதே வீட்டுக்காரிதான்.

என் பெயர் லாசரஸ். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஃபைல் தள்ளிவிட்டு, சேலையூரில் ஓய்வாக இருக்கிறேன். மனைவி தபீதாள் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். எங்கள் வீட்டில் என்ன சமைப்பது, டிவியில் என்ன பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை நான் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வருவது எல்லாமே அவள் இலாகா. என் இலாகா ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வயதான எங்கள் வெள்ளைக் காரின் டிரைவர் சீட். அதில் உட்கார்ந்தால் நான் குடும்பத் தலைவன். இறங்கினால் பை தூக்குகிறவன்.

அந்த சீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. ஐம்பத்திரண்டாவது வயதில் தபீதாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நான் பதறவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டு அவளே விட்டுவிடுவாள் என்று நம்பினேன். நான் நாலாவது தடவைதான் பாஸானேன். அவள் முதல் தடவையே பாஸாகி, கேசரியும் கிண்டிவிட்டாள். கேசரியை நீட்டியபடியே, இனிமேல் ஸ்கூலுக்குத் தானே காரில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். லைசன்ஸ் வாங்கினால் சாவி தருவதாக நான் கார் வாங்கிய புதிதில் சொன்னதையும் ஞாபகப்படுத்தினாள். வாயில் கேசரி இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை. விழுங்கிவிட்டு யோசித்தேன்.

"டயர் சரியில்லை தபீ. மொட்டையா இருக்கு. இதுல உன்னை அனுப்பிட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா?"

"அப்போ மாத்திடுங்க."

"மாத்தலாம். ஆனா நல்ல டயர் நம்ம ஊர்ல கிடைக்காதே."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராகப் பார்த்தவன் என்கிற திமிர் எனக்கு உண்டு. ஒரு மணி நேரம் பேசினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இவ்வளவு கம்பெனிகள் இருக்கின்றனவே, அங்கே செய்கிற நல்ல டயரெல்லாம் நமக்கா வருகிறது? அதே மெஷின், அதே ஆள். ஆனால் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுவது ஒன்று, தாம்பரத்துக்குப் பஸ் ஏறுவது இன்னொன்று. அவர்களுக்குப் போனது போக மிச்சம்தான் நமக்கு. என் காரில் எக்ஸ்போர்ட் குவாலிட்டி டயர்தான் ஏறும். அது கிடைக்கிறவரை வண்டியை நான் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று முடித்தேன்.

தபீதாள் பொறுமையாகக் கேட்டாள். பூகோள டீச்சருக்கே உலக வர்த்தகம் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை அவள் வழக்கம்போல விடைத்தாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனாள்.

ஆனால் ஒரு தொல்லை ஆரம்பித்தது. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் "எக்ஸ்போர்ட் கிடைச்சுதா?" என்று கேட்பாள். தேடாமல் எப்படிக் கிடைக்கும் என்பாள். ஆகவே, கிடைக்கவே கூடாத ஒரு பொருளைத் தேடி நான் ஒவ்வொரு கடையாக ஏற வேண்டியதாயிற்று. சானடோரியம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று எல்லா டயர் கடையிலும் இல்லை என்றார்கள். இல்லை என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காபி குடித்த சந்தோஷம். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, இரும்புலியூரில் குப்புராஜ் என்பவரின் கடைக்குப் போகும்வரை இந்தச் சந்தோஷம் நீடித்தது.

"எக்ஸ்போர்ட்டா சார்? கீது சார்," என்றார் குப்புராஜ்.

 என் காருக்குச் சரியான அளவில் கிடைக்காதே என்றேன்.

"உன் வண்டி சைஸ்தான் சார். நாலே நாலு பீஸ் கீது. கப்பல் ஏற வேண்டியது, ஏறாம திரும்பி வந்துட்ச்சு."

இல்லாததை இருப்பதாகப் பொய் சொன்னவன் முன்னால் அந்தப் பொய்யே உருண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்? நான் குனிந்து பார்த்தேன். தொட்டேன். மெத்தென்று இருந்தது. எங்கள் ஊர் டயர் கல் மாதிரி இருக்கும். இது கன்னுக்குட்டி காது மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு மலை பொறித்திருந்தது. மூன்று சிகரம். மலைக்கு நடுவில் அழகாக ஒரு நட்சத்திரம்.

"லோக்கல் டயர்ல இந்த ஸ்டாரை நீ பார்த்துகிறியா சார்? இன்னொண்ணு பாரு. எம் பிளஸ் எஸ். மெட்ராஸ் ஸ்பெஷல். இங்க செஞ்சு ஸ்பெஷலா ஃபாரினுக்குப் போறது."

வருடா வருடம் டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுகிற குடும்பம் எங்களுடையது. நட்சத்திரத்தைப் பார்த்தால் எனக்குக் கை தானாகக் கும்பிடும். பாவம், அந்த நிமிடம் நான் எதற்காகத் தேட ஆரம்பித்தேன் என்பதே மறந்துவிட்டது. என் பொய்யை முதலில் நம்பியவன் நான்தான். வேதாகமத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துப் புறப்பட்டவர்கள் ஞானிகள். நான் ஞானி இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. நாலையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தபீதாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மலையை விரலால் தடவிப் பார்த்தாள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். சரி, இனிமேல் தான் ஓட்டலாமா என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சாவி ஞாபகம் வந்தது. உடனே சமாளித்தேன். எக்ஸ்போர்ட் டயர் பழகுகிறவரை அனுபவசாலிதான் ஓட்ட வேண்டும் என்று அடித்துவிட்டேன். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்க. இவ்ளோ நல்ல டயரை ஜெபம் பண்ணாம ஓட்டலாமா? ஞாயித்துக்கிழமை பாஸ்டரைக் கூப்பிடறேன்."

கார் வாங்கினால் பிரதிஷ்டை ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். டயருக்குச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பாஸ்டர் ஸ்டெபின் வந்துவிட்டார். சின்ன வயது, சிரித்த முகம். எங்கள் தெருவிலிருக்கும் சபைக் குடும்பங்களும் வந்துவிட்டன. கேக், மிக்சர், காபி. வந்தவர்கள் எல்லோரும் டயரைத் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். நான் மலையையும் நட்சத்திரத்தையும் காட்டிக் காட்டிச் சொன்னேன். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றேன். பத்து வருடம் வரும் என்றேன். யாரோ தலையாட்டியதும் பன்னிரண்டு ஆக்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தபீதாள் காபித் தட்டோடு நடுவில் வந்து நின்றாள்.

"பாஸ்டர், இவர் ஒரு பொருத்தனை பண்ணணும்னு ஆசைப்படறார். இந்த டயர் தேய்ஞ்ச அன்னைக்கு கார் சாவியை எனக்குத் தர்றேன்னு."

நான் அப்படி ஆசைப்படவே இல்லை. ஆனால் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வருடம். அதற்குள் அவளுக்கு அறுபத்து நாலு. காரும் இருக்காது, அவளுக்கு ஆசையும் இருக்காது. அவ்வளவு பேர் பார்க்க ஒரு பெரிய மனுஷத்தனம் இலவசமாகக் கிடைக்கிறது. எழுந்து நின்று, கையை உயர்த்தி, கணீரென்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்தேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தபீதாளின் ஆமென் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

அதற்குப் பிறகு என் மனைவியிடம் ஒரு மாறுதல். கார் என்றாலே பெட்ரோல் செலவு என்று முணுமுணுத்தவள், தினமும் எங்காவது போகலாம் என்றாள். கூட வேலை பார்க்கிற டீச்சர் மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். போனோம். இன்னொரு டீச்சர் சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். போனோம். பரிசு கொடுக்க மறந்துவிட்டது என்று மறுநாள் குக்கர் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். ஏப்ரல் கடைசியில் சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வேதப் பள்ளி ஆரம்பித்தது. தினமும் இரண்டு நடை பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஊழியத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தாள். எதற்கும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் புறப்படுவாள். அப்போதுதான் ரோடு காலியாக இருக்குமாம்.

நான் இளிச்சவாயன் மாதிரி ஓட்டினேன். சந்தோஷமாகவே ஓட்டினேன் என்பதுதான் இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது. ஐயோ, என்னை இவளுக்கு இவ்வளவு தேவையாக இருக்கிறதே என்று நான் உருகினேன். நான் உருகியதைவிட டயர் உருகியது.

மே மாதம் அக்னி நட்சத்திரம் பிறந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தார் கொதித்தது. கார் திருப்பத்தில் ஒரு மாதிரி நெளிந்தது. பிரேக் போட்டால் நான் சொன்ன இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. மாதக் கடைசியில் ஒருநாள் காரைக் கழுவும்போது குனிந்து பார்த்தேன். மலை இருந்தது. நட்சத்திரம் இருந்தது. தரையில் படுகிற பாகத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று என் தலையைப் போலவே இருந்தது. மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

குப்புராஜ் கடைக்கு ஓடினேன். என்ன டயர் ஐயா கொடுத்தீர் என்று கத்தினேன். அவர் டீயை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நீ எக்ஸ்போர்ட் கேட்ட, குட்த்தேன். எந்த ஊருக்கு எக்ஸ்போர்ட்டுன்னு கேட்டியா சார்? அது பனி பெய்யற ஊர் டயராம். எம் பிளஸ் எஸ்ஸுன்னா மட் பிளஸ் ஸ்னோவாம், சேறும் பனியும். நம்ம வெயில்ல ஓட்னா ரப்பர் மாதிரி தேயுமாம், பென்சில் ரப்பரு. எனக்கே உங்க மேடம் சொல்லித்தான் தெரியும்."

எந்த மேடம் என்று கேட்பதற்குள் அவரே மூலையைக் காட்டினார். நாலு புது டயர். கல் மாதிரி, கறுப்பாக, எந்த நட்சத்திரமும் இல்லாமல். போன வாரமே வந்து எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனாளாம்.

வீட்டுக்கு வந்தேன். சாவியை வைத்துவிட்டு, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"நீங்க சொன்னது பாதி சரிங்க. அதே மெஷின்தான், ஊருக்கு ஊர் வேற டயர்தான். ஆனா அது தரம் இல்லை, தட்பவெப்பம்," என்றாள். "நல்ல டயர் இங்க கிடைக்காதுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பிட்டேன். அவ்வளவுதான்."

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவள்தான் ஓட்டினாள். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். பிரேக் பிரேக் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை. பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் தானே வண்டியைக் கொண்டுவருவதாகவும், நான் ரயிலில் போகலாம் என்றும் சொன்னாள். அவளுடைய சீசன் டிக்கெட்டைக் கேட்டேன். அதை வேறு ஆள் உபயோகிக்கக் கூடாது, டிக்கெட் எடுத்துப் போங்கள் என்றாள். இறங்கும்போது மடித்த ஒரு காகிதத்தையும் கையில் கொடுத்தாள்.

குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் நின்றேன். வந்த ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு, யாருடைய டிபன் பாக்ஸோ முதுகில் குத்த, தாம்பரம் வந்து சேர்ந்தேன். இரண்டே ஸ்டேஷன்தான்.  தபீதாள் இருபத்து மூன்று வருடம் இப்படித்தான் போனாள், அந்த விடைத்தாள் பையையும் சுமந்துகொண்டு. அதில் பன்னிரண்டு வருடம் கார் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கியது. ஓய்வு பெற்ற பிறகு நானும் உள்ளே தூங்கினேன். ஒரு நாளாவது கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஒரு சீட்டுக்காக எத்தனை பொய் சொன்னேன். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். ஒன்பதாம் வகுப்பு, பூகோளம், வகுப்புத் தேர்வு. தேதியைப் பார்த்தேன். நான் டயர் மாட்டிய புதன்கிழமைக்கும் பொருத்தனை செய்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் இருக்கிற வெள்ளிக்கிழமை. முதல் கேள்விக்குப் பக்கத்தில் அவள் எடுத்த படம். மலை, நடுவில் நட்சத்திரம். 'மலையும் பனித்துகளும் பொறித்த இந்த டயர் எந்த இடத்துக்கு ஏற்றதல்ல? அ) நார்வே ஆ) கனடா இ) ஜெர்மனி ஈ) தாம்பரம்.' கீழே சிவப்பு மையில், நாற்பத்திரண்டு பேரும் சரியாக எழுதியதாகக் குறித்திருந்தாள்.

விடை ஈ. மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்து நான் ஓட்டிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.