பல் டாக்டர் பேட்டரி கழட்டிய கதை

இந்த லீவுக்கு மச்சான் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று பல் டாக்டர் தீர்மானித்துவிட்டார். போன தடவை நாலு நாள் போய்த் தங்கியபோது அந்தத் தெருவே வரிசையில் வந்து அவர் முன்னால் வாயைப் பிளந்தது.

மனைவியிடம் நேராகச் சொல்லலாம்தான். ஆனால் அவள் தலைமையாசிரியை. எண்ணூறு பிள்ளைகள் அவளைப் பார்த்தால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்ளும். இவர் எம்மாத்திரம்? அதனால் ஊருக்குப் போய்வர இருந்த ஒரே வண்டியான, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த தன் வேன் வீட்டின்மேல் பழியைப் போட்டார்.

"வண்டியை ரெண்டு மாசம் ஷெட்ல நிறுத்தணும். பேட்டரியைக் கழட்டப் போறேன்."

"கல்யாணமாகி இருபது வருஷத்துல அப்படி என்னத்தைக் கழட்டிட்டீங்க?"

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வைத்தார். கண்ணாடி, கையுறை மாட்டினார். வண்டியிலிருந்து சாவியை உருவினார். வண்டிக்குள் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைத்தார். வெளிக் கரண்ட் வயரைப் பிடுங்கி, கூரை சோலாரையும் துண்டித்தார். அப்புறம் மைனஸ் வயர். கடைவாய்ப் பல்லைப் போல லேசாக ஆட்டி, அலுங்காமல் எடுத்தார். அதற்கடுத்துதான் பிளஸ். முனைகளில் டேப் சுற்றினார். ஒரு பொறி பறக்கவில்லை.

"வலிக்கலையே?" என்று பழக்கதோஷத்தில் பேட்டரியை விசாரித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"முடிஞ்சது! ரெண்டு மாசத்துக்கு அந்த வண்டியை யாராலயும் அசைக்க முடியாது."

"நல்லதாப் போச்சுங்க. அப்ப அண்ணன் குடும்பமே இங்க வரட்டும். ஏழு பேரு. ஒரு மாசம் இருக்கட்டும்."

"ஒரு மாசமா?"

"அண்ணிக்கு ஈறு வீக்கம். பெரியவனுக்குப் பல்லு கோணல். சின்னவனுக்குச் சொத்தை. வீட்டோட டாக்டர் இருக்கும்போது என்ன கவலை?"

டாக்டர் மனக்கணக்குப் போட்டார். இங்கே ஒரு மாசம். அங்கே போனால் நாலே நாள்!

"அட, பேட்டரிதானே? முதல்ல பிளஸ், அப்புறம் மைனஸ். அஞ்சு நிமிஷத்துல மாட்டிடுவேன். நாமளே போயிட்டு வந்துடலாம்."

"யாராலயும் முடியாதுன்னீங்க?"

"யாராலயும் முடியாது. என்னால முடியும்!"

முடிந்தது. நாலே நிமிஷம். சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. ஒரு மாசத்தை நாலு நாளாகச் சுருக்கிய வீரன் விசிலடித்தபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு பெட்டிகளோடு வந்து ஏறினாள். இரண்டும் எப்போதோ அடுக்கிப் பூட்டியவை.

"சரி, உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிடு."

"வாங்கன்னு சொல்லவே நான் இன்னும் போன் போடலைங்க. நீங்க பெல்ட்டைப் போடுங்க."